ஸ்படிகத் தண்ணீர்: எந்தக் கல் தண்ணீருக்குள் போகலாம், எது போகக் கூடாது

மதுரையில் அம்மன் சன்னதிப் பக்கம் மணி, மாலை, பூஜை சாமான் விற்கிற கடை எங்களுடையது. அப்பா காலத்திலிருந்து ஸ்படிக மாலை கோர்த்துக் கொடுக்கிறோம். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் துளசி மணியும் ஸ்படிக மணியும் கேட்டு வருவார்கள். மற்ற மாதங்களில் ஜபத்துக்கு வாங்குகிறவர்கள், ஜோசியர் சொன்னார் என்று வருகிறவர்கள். இப்போது கொஞ்ச காலமாகப் புதுக் கேள்வி ஒன்று வருகிறது: "இந்தக் கல்லத் தண்ணில போட்டுக் குடிக்கலாமாண்ணே?" ஊதா, ரோஸ், பச்சை என்று கலர் கலராகக் கல் கிடக்கிற கண்ணாடி பாட்டிலை செல்போனில் காட்டிக் கேட்கிறார்கள்.

கூட்ட நேரத்தில் ஒவ்வொருவரிடமும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. தெரிந்ததை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முழுக்கப் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: தண்ணீருக்குள் போடத் தகுந்தது அசல் ஸ்படிகமும், சாயம் ஏற்றாத அதன் குடும்பக் கற்கள் சிலவும்தான். மற்ற எந்தக் கல்லானாலும் பாத்திரத்துக்கு வெளியே இருக்கட்டும். பெயர் தெரியாத கல்லைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

தண்ணீர் மாறுமா?

ஸ்படிகம் என்பது சிலிக்கான் டை ஆக்சைடு, சுருக்கமாகச் சிலிக்கா. வைகை மணலை ஒரு கை அள்ளி வெயிலில் பார்த்தால் மினுக்கென்று கண்ணில் படுமே, அதில் பெரும்பகுதி இதே பொருள்தான். பூமிக்கடியில் பொறுமையாக வளர்ந்து, கண்ணாடி மாதிரித் தெளிந்து வந்தால் அதை ஸ்படிகம் என்று மாலை கோர்க்கிறோம். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்தாலும் அது கரைவதில்லை என்றே சொல்லலாம். மேலூர்ப் பக்கம் போனால் தெரியும், நம்மைச் சுற்றி இருப்பது கிரானைட் பூமி. நம் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஏற்கெனவே பாறையிலிருந்து கரைந்து வந்த சிலிக்கா இருக்கிறது. ஒரு ராத்திரியில் கல் கொடுக்கக்கூடியதைவிட அது அதிகம்.

ஆகவே ஸ்படிகம் போட்ட தண்ணீரும் போடாத தண்ணீரும் சத்தில் ஒன்றுதான். கல் தண்ணீரைச் சுத்தமும் செய்யாது. கலங்கல் தண்ணீரில் போட்டால் கலங்கல் தண்ணீராகவே இருக்கும்.

"கல்லுக்குள்ள கரண்ட் இருக்காமே, வாட்ச்ல எல்லாம் வைக்கிறாங்களே?" என்றும் கேட்பார்கள். உண்மைதான். ஸ்படிகத்தை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் உண்டாகும் என்பதை 1880இல் பிரான்சில் கியூரி சகோதரர்கள், ஜாக்கும் பியரும், கண்டுபிடித்தார்கள். கைக்கடிகாரத்துக்குள் இருக்கிற துணுக்கு ஸ்படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. ஆனால் அதை அதிர வைப்பது உள்ளே இருக்கிற பேட்டரி. ஜக்கின் அடியில் சும்மா கிடக்கிற கல்லை யாரும் அழுத்துவதுமில்லை, தூண்டுவதுமில்லை.

2001இல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் பிரெஞ்ச் ஒரு சோதனையின் முடிவைச் சொன்னார். சிலர் கையில் அசல் ஸ்படிகம், சிலர் கையில் போலி. எது யாரிடம் என்று அவர்களுக்குத் தெரியாது. கையில் கூச்சம், உடம்பில் கதகதப்பு என்று இரு பக்கத்தாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். முன்கூட்டியே "இப்படி இருக்கும்" என்று கேட்டு வைத்தவர்களுக்கு அந்த உணர்வு கூடுதலாக வந்தது. உணர்வு பொய்யில்லை. அது கல்லிலிருந்து வரவில்லை, மனசிலிருந்து வந்தது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் என் வீட்டில் ஸ்படிகத் தண்ணீர் வைக்கிறேன். ஸ்படிகத்தின் மேல் நமக்கு இருக்கிற பற்று இன்று நேற்று வந்ததில்லை. மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் 2023இல் தோண்டியபோது ஸ்படிகத்தில் செய்த எடைக்கல் ஒன்று கிடைத்தது, எட்டு கிராம் எடை. அத்தனை கடினமான கல்லை உருட்டி வழவழப்பாக்கத் தெரிந்த கை அந்தக் காலத்திலேயே வைகைக் கரையில் இருந்திருக்கிறது என்று நினைக்கும்போது, தினமும் கல்லோடு புழங்குகிற எனக்குப் பெருமையாக இருக்கும். ராமேஸ்வரத்தில் விடிகாலை ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு இருட்டோடு எழுந்து போய் வரிசையில் நிற்கிறோம். அந்தப் பற்றை ஒரு சொம்புத் தண்ணீரோடு சேர்த்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை. கடையில் நின்றால் தண்ணீர் குடிக்கவே மறந்துபோகிற எனக்கு, ராத்திரி நானே கழுவி நிரப்பி வைத்த ஜக்கு காலையில் கண்ணில் பட்டால் கை தானாகப் போகிறது. சித்திரை வெயிலில் அது பெரிய உபகாரம்.

கல்லைத் தெரிந்துகொள்வது

நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். தண்ணீர் வைக்கிற வேலை சின்ன வேலை, கல்லை அடையாளம் காண்பதுதான் பெரிய வேலை.

முதலில் கண்ணாடியைக் கழித்துக் கட்டுங்கள். ஸ்படிகம் என்று விற்பதில் நிறைய வெறும் கண்ணாடி. அதிலும் ஒரு தினுசு கவலைக்குரியது. பளபளப்புக்காக ஈயம், அதாவது காரீயம், சேர்த்த கண்ணாடியை வெளிநாடுகளில் "கிரிஸ்டல்" என்றே பெயர் வைத்து விற்கிறார்கள். எடைக்கணக்கில் கால் பங்கோ அதற்கு மேலோகூட ஈய ஆக்சைடு இருக்கும். தொங்கவிடுகிற பட்டை தீட்டின உருண்டை, அலங்கார மணி இவற்றில் அந்தச் சரக்கு உண்டு. சன்னலில் தொங்கினால் வானவில் காட்டும், அழகுதான். குடிக்கிற தண்ணீரில் மட்டும் வேண்டாம். ஈயம் உடம்பில் சேர்ந்தால் லேசில் வெளியேறாது, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

கடையில் நாங்கள் பார்க்கிற முறையைச் சொல்கிறேன், வீட்டிலும் செய்யலாம். செல்போன் டார்ச்சை எரியவிட்டு, கல்லை அதன் மேல் வைத்து மெதுவாக உருட்டுங்கள். உள்ளே உருண்டையான குமிழி, ஊசிமுனை அளவு இருந்தாலும் சரி, தெரிந்தால் அது கண்ணாடி. அசல் ஸ்படிகத்தில் குமிழிக்குப் பதிலாகப் புகை படிந்தது போல ஒரு ரேகையோ, வெள்ளி இழை மாதிரி ஒரு விரிசல் பூச்சோ பெரும்பாலும் இருக்கும். கல்லைச் சாய்க்கும்போது அந்த ரேகை ஒரு கோணத்தில் பளிச்சென்று தெரிந்து, அடுத்த கோணத்தில் காணாமல் போகும். துளிக்கூடக் குறையில்லாமல், நூற்றெட்டு மணியும் ஒரே அச்சாக, விலையும் சல்லிசாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது கன்னத்தில் வைத்துப் பார்ப்பது. ஸ்படிகம் கண்ணாடியைவிட வேகமாகச் சூட்டை இழுக்கும். அதனால் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும், அந்தக் குளிர்ச்சி கொஞ்ச நேரம் நிற்கும். கண்ணாடி சீக்கிரம் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். ஒரு கண்ணாடிக் கோலியைப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தால் பழகிவிடும். அப்புறம் கடினம். மோஸ் அளவையில் ஸ்படிகம் 7, கண்ணாடி ஐந்தரையை ஒட்டி. உடைந்த பாட்டில் துண்டில் கல்லின் முனையை அழுத்தி இழுத்தால் ஸ்படிகம் கோடு போடும். வெள்ளைச் சலவைக்கல்லையும் சிலர் ஸ்படிகம் என்று தலையில் கட்டுகிறார்கள். அதில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும், ஸ்படிகத்தில் நுரைக்காது.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லையா, கல்லைப் பரிசோதித்துச் சான்று தருகிற லேபில் கொடுத்துவிடுங்கள். தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைக்காரர்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள்.

உள்ளே போடக்கூடியவை என்று நான் சொல்கிறவை கொஞ்சம்தான். நிறமில்லாத ஸ்படிகம். ஊதா நிறச் செவ்வந்திக்கல், அதுவும் ஸ்படிகமே, இரும்பு கொஞ்சம் சேர்ந்ததால் ஊதா. ரோஸ் ஸ்படிகம். அப்புறம் இயற்கை நிறத்திலேயே இருக்கிற சூதுபவளம், அகேட். கடைசி இரண்டில் ஜாக்கிரதை வேண்டும், ஏனென்றால் அகேட்டில் சாயம் ஏற்றுவது உலகம் முழுக்க நடக்கிற தொழில். கண்ணைப் பறிக்கிற நீலம், ரோஸ், பச்சையில் அகேட் இருந்தால் அது சாயம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பஞ்சை நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்துக் கல்லைத் துடைத்தால் சில சாயம் பஞ்சில் ஏறும். ஏறாவிட்டாலும் சாயமில்லை என்று உறுதி சொல்ல முடியாது. அழுத்தமான கலர்க் கல்லை வெளியிலேயே வைத்துவிடுவது நல்லது.

உள்ளே போகக் கூடாதவை நீளமான பட்டியல். கடையில் அடிக்கடி கேட்கப்படுகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

மாலகைட் என்கிற பச்சை நிறக் கல் முதலில். வரிவரியாகக் கரும்பச்சையும் இளம்பச்சையும் ஓடும், பார்த்தவர்கள் கீழே வைக்க மாட்டார்கள். திருநகரிலிருந்து வருகிற ஒரு அக்கா அதைத்தான் கையில் எடுத்துக்கொண்டு, "தம்பி, இத எலுமிச்சம்பழத் தண்ணில போட்டா இன்னும் நல்லதுன்னு சொல்றாங்களே?" என்று கேட்டார். "வேணாங்க்கா, அது செம்புக் கல்லு. புளிப்பு பட்டா செம்பு கரைஞ்சு தண்ணில இறங்கும், வாந்தி வயித்துவலின்னு கொண்டுபோய் விடும்" என்றேன். அக்கா அதை வாங்கிக்கொண்டுதான் போனார், பூஜை அலமாரியில் வைக்க. அங்கே அது அழகாக இருக்கும்.

ஃபிரோசாக் கல்லிலும் செம்பு உண்டு, அலுமினியமும் உண்டு. லாபிஸ் என்கிற நீல நிறக் கல்லில் தங்கப் பொட்டு மாதிரி மின்னுவது பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. பணம் வரும் என்று சொல்லி விற்கிற தங்க நிறப் பைரைட் கட்டியும் அதேதான். ஈரத்தில் கிடந்தால் துருப்பிடித்து அமிலம் விடும். கலீனா என்பது ஈயத் தாது. சிவந்த சின்னபார் பாதரசத் தாது. இவற்றைக் கையில் எடுத்தாலே கை கழுவ வேண்டும்.

செலினைட் வேறு கதை. விஷமில்லை, ஆனால் அது ஜிப்சம், நகத்தால் கீறினாலே கோடு விழும். லிட்டருக்கு இரண்டு கிராம் அளவுக்குத் தண்ணீரில் கரையும். உங்கள் கல்லும் வீண், தண்ணீரும் உப்புத்தண்ணீர் மாதிரி கடுக்கும். முத்து, பவளம் இரண்டும் சுண்ணாம்பு வகை, புளிப்பில் அரிக்கும்.

நவரத்தின மோதிரத்தைக் கழற்றித் தண்ணீரில் போடுகிறவர்கள் இதைக் கேளுங்கள். விலை குறைந்த மாணிக்கத்தில் வெடிப்பை மறைக்க ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்புகிற வேலை சந்தையில் சாதாரணமாகிவிட்டது. மரகதத்துக்கு எண்ணெயோ பிசினோ ஏற்றுவது அதற்கும் முன்னாலிருந்தே இருக்கிறது. மாணிக்கம் கடினமான கல்தான், அதற்குள் அடைத்திருப்பது என்ன என்பதுதான் நமக்குத் தெரியாது. மோதிரம் விரலிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று, நாட்டு மருந்துக் கடையில் திருஷ்டிக்குக் கட்டத் தருகிற படிகாரக் கட்டி. பார்வைக்கு ஸ்படிகம் மாதிரி இருப்பதால் வீட்டில் கிடந்ததை எடுத்து இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அது தண்ணீரில் கரைகிற அலுமினிய உப்பு. ஒரு மணி நேரத்தில் கட்டி தேய்ந்து, தண்ணீர் துவர்க்கும். குடிக்க வேண்டாம்.

மாலையை அப்படியே முக்குவதும் கூடாது. நூலில் வியர்வையும் சந்தனமும் எண்ணெயும் ஊறிப் போயிருக்கும், மணித் துளைக்குள் இருக்கிற அழுக்கு கழுவினாலும் போகாது. வெள்ளிக் கம்பி, பித்தளைக் குப்பி, பசை வைத்து ஒட்டின டாலர், எதுவும் தண்ணீருக்குள் வேண்டாம். துளையில்லாத, வெடிப்பில்லாத, வழவழவென்று உருட்டின ஒற்றைக் கல் போதும்.

தண்ணீர் வைக்கிற விதம்

தேவையானவை: எலுமிச்சம்பழ அளவில் ஸ்படிகக் கல் ஒன்று, வாய் அகன்ற ஒரு லிட்டர் கண்ணாடி ஜக்கு, மூடி, குடிக்கத் தகுந்த தண்ணீர். அவ்வளவுதான். கல் வாயில் போய் அடைக்காத அளவு பெரிதாக இருக்க வேண்டும். பொடிப்பொடியான கல் சில்லுகளை பாட்டிலில் போட்டு அப்படியே வாய் வைத்துக் குடிக்கிற முறை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஒரு சில்லு தொண்டைக்குப் போனால் போதும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நினைத்தே பார்க்காதீர்கள்.

தண்ணீர் எது என்பது கல்லைவிட முக்கியம். கார்ப்பரேஷன் தண்ணீரோ, கேன் தண்ணீரோ, உங்கள் வீட்டில் எதைக் குடித்துப் பழக்கமோ அது. சந்தேகமிருந்தால் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆறவைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கல் அதை மாற்றாது.

சாயங்காலம் விளக்கேற்றின பிறகு நான் இதைச் செய்வேன். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கல்லை ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தோடு மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பல் விளக்குகிற பிரஷ் புதிதாக ஒன்று இதற்கென்றே இருக்கட்டும். வழுவழுப்பு போகிற வரை ஓடுகிற தண்ணீரில் அலசுங்கள். கல்லைக் கொதிநீரில் போடாதீர்கள். உள்ளே ரேகை இருக்கிற இடத்தில் சூடு தாங்காமல் வெடிக்கும்.

ஜக்கில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றிவிட்டு, கல்லை விரல்களால் பிடித்தபடி அடி வரை கொண்டுபோய் வையுங்கள், மேலிருந்து போட்டால் கண்ணாடி கீறும். அந்த நேரத்தில் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெளியில் கூர்மையாகத் தெரிந்த கல்லின் விளிம்பு தண்ணீருக்குள் இறங்க இறங்க மங்கும். உள்ளே இருக்கிற வெள்ளி ரேகை மட்டும் தனியாக, எதிலும் ஒட்டாமல் மிதக்கிற மாதிரி நிற்கும். அதற்காகவே நான் ரேகையுள்ள கல்லைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். சுத்தமான கல் விலை அதிகம், ஆனால் தண்ணீருக்குள் பார்க்க இதுதான் அழகு. ஒரு ஐந்து நிமிஷம் அதன் முன்னால் சும்மா உட்காருங்கள். மந்திரம் தெரிந்தால் சொல்லலாம், தெரியாவிட்டால் மூச்சைக் கவனித்தால் போதும். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். இந்த ஐந்து நிமிஷத்தைத் தவிர்த்துவிட்டால் நீங்கள் செய்தது வெறுமனே ஒரு கல்லை நனைத்தது மட்டும்தான்.

பிறகு மூடி போட்டு மூடிவிடுங்கள். வேலைப்பாடுள்ள துணியை மேலே போட்டுத் திறந்து வைக்காதீர்கள். டெங்கு பரப்புகிற கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். காலையில் கல்லை எடுத்துவிட்டு டம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம். அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மிச்சமிருந்தால் துளசிக்கு ஊற்றுங்கள். பழைய தண்ணீர் மேலேயே புதுத் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் வேண்டாம், மதுரைச் சூட்டில் ஜக்கின் உள்பக்கம் வழுக்கத் தொடங்கிவிடும்.

வெளியே வைக்கிற முறை இன்னும் எளிது, பெயர் தெரிந்த எந்தக் கல்லுக்கும் பொருந்தும். ஜக்கைத் தாம்பாளத்தில் வைத்து அதைச் சுற்றிக் கல்லை அடுக்குங்கள். அல்லது சின்னக் கண்ணாடி டம்ளரில் கல்லைப் போட்டு, அந்த டம்ளரைத் தண்ணீருள்ள பெரிய ஜக்குக்குள் இறக்குங்கள். டம்ளரின் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். கல்லும் தண்ணீரும் ஒன்றையொன்று தொடாது. மாலகைட் வாங்கின அக்காவுக்கு நான் சொன்னது தாம்பாள முறைதான்.

மண்பானை வைத்திருப்பவர்கள் பானையிலேயே வைக்கலாம். மானாமதுரைப் பானை என்றால் ரொம்ப நல்லது, அந்த மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பானையின் சுவரில் தண்ணீர் கசிந்து ஆவியாகும்போது உள்ளே குளிரும். கல் தராத குளிர்ச்சியைப் பானை தரும். ஒரு சின்னக் கட்டு வெட்டிவேரை நன்றாக அலசிப் போட்டால் மணமும் வரும். சொல்லப்போனால், ருசி மாறுவதை நாக்கால் அறிய ஆசைப்படுகிறவர்களுக்கு வெட்டிவேர்தான் சரி. கல் உள்ளே இருக்கிற தண்ணீரில் எலுமிச்சை மட்டும் பிழியாதீர்கள். ஸ்படிகத்தை எலுமிச்சை ஒன்றும் செய்யாது. ஆனால் கல்லை அடையாளம் கண்டதில் தப்பு நேர்ந்திருந்தால் புளிப்புதான் அந்தத் தப்பைத் தண்ணீரில் இறக்கும். எலுமிச்சை வேண்டுமென்றால் டம்ளரில் ஊற்றின பிறகு பிழிந்துகொள்ளுங்கள். புளிப்பு செம்பைக் கரைக்கும் என்பதால் செம்புப் பாத்திரத்தில் எலுமிச்சைத் தண்ணீர் வைக்கவே கூடாது.

பௌர்ணமிக்கு மொட்டை மாடியில் வைக்கிறவர்கள் உண்டு. சித்ரா பௌர்ணமியன்று அழகர் ஆற்றில் இறங்குகிற ஊர் இது, அந்த நிலவுக்கு நமக்குத் தனி மரியாதை. தாராளமாக வையுங்கள், மூடியோடு. ஆனால் விடிந்ததும் எடுத்துவிடுங்கள். வெயிலில் நாள் கணக்கில் கிடந்தால் செவ்வந்திக்கல்லின் ஊதா வெளுத்துவிடும். உருண்டை ஸ்படிகம் என்றால் அதைவிடக் கவனம் வேண்டும். வெயிலை ஒரு புள்ளியில் குவித்து, பக்கத்தில் கிடக்கிற துணியையோ காகிதத்தையோ பற்ற வைத்துவிடும். சன்னலோரம் உருண்டையை வைத்திருப்பவர்கள் இடத்தை மாற்றுங்கள்.

சோதித்துப் பார்ப்பது

"எனக்கு வித்தியாசம் தெரியுதுண்ணே" என்று சொல்கிறவர்களை நான் மறுத்துப் பேசுவதில்லை. வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்பேன். ஒரே குடத்துத் தண்ணீரை இரண்டு ஒரே மாதிரி ஜக்கில் ஊற்றி, ஒன்றில் கல், ஒன்றில் இல்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ராத்திரி இருக்கட்டும், சூடு ஒன்றாக இருக்க வேண்டும். காலையில் கல்லை எடுத்துவிடுங்கள். வீட்டில் ஒருவர் அறைக்குள் போய், காசைச் சுண்டிப் பூ விழுந்தால் கல் தண்ணீர், தலை விழுந்தால் சாதாத் தண்ணீர் என்று எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, சீட்டில் குறித்துக்கொண்டு, வெளியே வந்துவிட வேண்டும். அதன் பிறகு நீங்கள் போய்க் குடித்து எது என்று உங்கள் சீட்டில் எழுதுங்கள். ஊற்றினவர் முகத்தைப் பார்த்தாலே நமக்கு விடை தெரிந்துவிடும், அதனால்தான் அவர் அங்கே இருக்கக் கூடாது.

இப்படிப் பத்து முறை. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே ஐந்து பக்கம் சரியாக வரும். ஒன்பதோ பத்தோ சரியாக வருவது குருட்டு அதிர்ஷ்டத்தில் நூற்றில் ஒரு தடவை நடக்கும். கல் தண்ணீரில் ருசி இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறவர்கள் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வைத்துச் செய்யுங்கள், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னொரு சோதனையை நான் இதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். ஒரு வாரம் ஜக்கு வைத்து, ஒரு வாரம் வைக்காமல், எத்தனை டம்ளர் குடித்தீர்கள், சாயங்காலம் தலை வலித்ததா, ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று நாட்காட்டியில் எழுதுங்கள். ஜக்கு வைத்த வாரத்தில் கூடுதலாகக் குடித்திருந்தால் அது உங்களுக்கு உதவுகிறது. உதவுவது கல்லா, பழக்கமா என்று கேட்டால், பழக்கம் என்பதுதான் என் பதில்.

யார் கவனமாக இருக்க வேண்டும்

சுகர், பிரஷர், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை நம்பி ஒரு வேளை மாத்திரையைக்கூட விடக் கூடாது. சிறுநீரகம், இருதயக் கோளாறுக்காக டாக்டர் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுக்குள்ளேயே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "இந்தக் கல் சுகரைக் குணமாக்கும்" என்று சொல்லி யாராவது விற்றால் வாங்காமல் வந்துவிடுங்கள். நீரிழிவு உட்படப் பல நோய்களுக்கு இப்படிக் குணமாகும் என்று விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. என் கடையில் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். மாலையை விற்பேன், வைத்தியத்தை விற்க மாட்டேன்.

கல் எங்காவது இடித்து முனை உடைந்தால் அதோடு தண்ணீர் வேலைக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். உடைந்த விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும், வெடிப்புக்குள் அழுக்கும் தங்கும். அதை வீட்டில் தேய்த்து மழுக்கவோ, இடித்துப் பொடியாக்கவோ முயற்சி செய்யாதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது, கல்குவாரியில் வேலை பார்க்கிறவர்களுக்கு வருகிற சிலிக்கோசிஸ் என்கிற நுரையீரல் நோய் இதே தூளால்தான். உடைந்த கல்லை ஒரு பூந்தொட்டி மண்ணில் பாதி புதைத்து வைத்தால் போதும்.